தரையில் பதித்த வைஸ்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பாவின் இடது காலில் இரண்டு விரல்கள் போயின. மரம் செதுக்குகிற வாச்சி நழுவிவிட்டது. ஓசூர் ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், விரல்களைக் கொடுக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் இரண்டு விரல்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அப்பா தச்சர். தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உளி போடுகிறவர். பிடிக்கிற விரல்களே போய்விட்டன.

வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு வீட்டுக்கு நிலைவாசல் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். நிலை வைக்க நாளும் குறித்தாகிவிட்டது. நல்ல நாளை யாரும் தள்ளிப்போட மாட்டார்கள், ஆசாரியைத்தான் மாற்றுவார்கள். அதனால் அம்மா எதிரே உட்கார்ந்து இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். கட்டைகளைப் பொருத்துவதற்கான துளை முன்பெல்லாம் ஒரு காலைப்பொழுதில் முடியும், இப்போது அதற்கு இரண்டு நாள் ஆயிற்று. உளியை ஓங்கி அடிக்க வேண்டிய கொட்டாப்புளி அதைச் சும்மா தொட்டுத் தொட்டு எடுத்தது. காலோடு சேர்த்து அப்பாவின் கைபலமும் போய்விட்டது என்று நினைத்தேன். பயமாக இருந்தது. ஒருநாள் அவரே, "இந்த நிலையோட போதும், உளியெல்லாம் வித்துப்புடலாம்" என்றார்.

அம்மாவின் தம்பி, லாரியில் கிளீனராகப் பெங்களூர் போய்வருகிற மாமா, வைஸ் என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார். திருகினால் மரத்தைக் கவ்விக்கொள்ளுமாம். குந்தாரப்பள்ளிச் சந்தையில் பழைய இரும்பு விற்பவரிடம் அகப்படுமாம். அப்பாவால் அவ்வளவு தூரம் வர முடியாது. அம்மா மாமாவோடு கிளம்பினாள், நானும் ஒட்டிக்கொண்டேன். அம்மாவின் பையில் மூன்று மரத்துண்டுகள் இருந்தன: நிலைக்கட்டை, உருண்டையான கட்டில் கால், சன்னமான ரீப்பர்.

கடைக்காரர் கோணிமேல் மூன்று வைஸ் பரப்பியிருந்தார். முதலாவதின் வாய் நிலைக்கட்டைக்குப் போதவில்லை. இரண்டாவதில் கட்டில் கால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. மூன்றாவது எல்லாவற்றையும் பிடித்தது. அடிப்பாகத்தைத் தளர்த்தினால் வேண்டிய பக்கம் திரும்பவும் செய்தது. ஆனால் ரீப்பரில் வரிவரியாகத் தழும்பு.

"மரத்துல பல்லு பதிஞ்சா எவன் வாங்குவான்?" என்றாள் அம்மா.

"வாய்க்குள்ள ரெண்டு பக்கமும் பலகைத்துண்டு வெச்சுக்க தாயி, கடிக்காது. மாடு வாங்கறவன்கூட இத்தன பல்லு பாக்கமாட்டான்" என்றார் அவர்.

மாமா அதைத் தோளில் சுமந்து வந்தார். மேசை ஒன்று அடித்து அதன்மேல் பொருத்தலாம் என்றார். அப்பா கேட்கவில்லை. "நின்னுக்கிட்டு எனக்கு உளி ஓடாது. தரையிலயே போடு" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். கனமான பலகையில் போல்ட் போட்டு முறுக்கி, பலகையைத் தரையில் பதித்தார்கள். திருகினால் கைப்பிடி பாதிச் சுற்றில் தரையில் இடித்து நின்றது. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அம்மா கடப்பாரையை எடுத்துவந்து கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் ஆழத்துக்குக் குழி பறித்தாள். அப்புறம் அது தாராளமாகச் சுற்றியது.

மறுநாள் காலையில் அப்பா நிலைக்கட்டையை அதில் இறுக்கினார். அம்மா பழக்கத்தில் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீ எந்திரி" என்றார் அப்பா.

அவள் எழுந்து தள்ளி நின்றதும் கொட்டாப்புளியை ஓங்கி ஒரு போடு போட்டார். சிராய் தெறித்துச் சுவரில் விழுந்தது. மத்தியானத்துக்குள் துளை முடிந்துவிட்டது. நிலை குறித்த நாளுக்கு முன்பே தயாராயிற்று, உளியை விற்கிற பேச்சு அதன்பிறகு வீட்டில் எழவில்லை. எனக்கு உயிர் வந்தது. ஒரு இரும்புத்துண்டு அப்பாவுக்குப் பலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அப்பாவின் பலம் எங்கும் போயிருக்கவில்லை. உளிக்கு நாலு விரற்கடை தள்ளி அம்மாவின் கை இருந்தது, அவ்வளவுதான். இது எனக்கு விளங்க நானும் ஒருத்தரோடு குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது.