தம்பானூர் வழியாகப் போகும் இணையம்

லேப் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பாதி நேரம் கேபிளோடு சண்டை. மீதி நேரம், அந்தக் கேபிளைச் செருகியிருக்கும் கார்டை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று மனிதர்களோடு சண்டை. இதே வேலையில் உழலும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியும்.

நான் எம்.டெக். மாணவி. முதலாண்டு லேபை நானும், மார்த்தாண்டத்திலிருந்து தினமும் வந்துபோகும் டெக்னீஷியன் செல்வன் அண்ணனும் பார்த்துக்கொள்கிறோம். எங்கள் லினக்ஸ் சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள்: ஒன்று உள்ளே லேபுக்கு, மற்றது வெளியே இணையத்துக்கு.

முதலில் விழித்தவர் மூத்தவர்

பழைய முறைப்படி, சர்வர் எழும்போது எந்தக் கார்டு முதலில் கண்ணில் படுகிறதோ அது eth0, அடுத்தது eth1. ஒருநாள் தேர்வு நடுவில் கரண்ட் போய் வந்தது. இரண்டும் பெயர் மாறி எழுந்தன, லேபுக்கு இணைப்பு அறுந்து தேர்வு பாதியில் நின்றது. கனவில் நம் வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே வேறு யாரோ வீட்டுக் கூடம் இருக்குமே, அப்படி. இன்னொரு தடவை இப்படி ஆனால் லேபை வெளி காண்ட்ராக்டரிடம் கொடுத்துவிடுவதாகத் துறைத் தலைவி சொல்லிவிட்டார். அப்புறம் லேப் சாவி என் கையில் இருக்காது. மழை மதியங்களில் பச்சை விளக்குகள் மினுங்க, நான் பாதித் தூக்கத்தில் மிதக்கும் அந்த அறையும் இருக்காது.

கொதித்துப்போய்க் கேட்டேன்: "புது முறையில் கார்டு செருகியிருக்கும் இடத்தை வைத்துப் பெயர் வரும், enp3s0 என்று. மாறவே மாறாது. அதை ஏன் அணைத்து வைத்திருக்கிறீர்கள்?" அண்ணன் தலை நிமிராமல் சொன்னார்:

"இது பேரா பிள்ளே, லாட்டரிச் சீட்டு நம்பரா?"

கல்லாற்றில் கால் நனைத்தபடி

துறையிலிருந்து எல்லாரும் பொன்முடி மலைக்குச் சுற்றுலா போனோம். இறங்கும் வழியில் கல்லாறு. தண்ணீர்ச் சத்தத்தில் எல்லாருக்கும் கண் செருகியது, என் வாய் மட்டும் தூங்கவில்லை. "இந்தக் கல்லுக்கெல்லாம் வரிசையாக நம்பர் போட்டால், அடுத்த மழைக்கு ஒன்றாம் நம்பர் எங்கே கிடக்கும் அண்ணே?" என்றேன். நல்ல கேள்வி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பக்கத்துப் பாறையில் படுத்திருந்தவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"கல்லு வந்து ஒன்கிட்ட பேரு கேட்டுதா?"

பழைய நம்பர், புது நம்பர்

துறைத் தலைவி என் பக்கம். சர்வரில் enp3s0 ஏறியது. வெற்றிக் களிப்போடு கிழக்கேகோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய், "இடத்தை வைத்துப் பெயர் வைத்தால் மாறவே மாறாது" என்று அம்மாவிடம் பிரசங்கம் செய்தேன். எங்கள் கேட்டில் இரண்டு மாநகராட்சி நம்பர்கள் எழுதியிருக்கும், வார்டு பிரித்தபோது வந்தது இரண்டாவது. அம்மா கறிவேப்பிலை உருவியபடி சொன்னாள்:

"நாம இருந்த எடத்துலயேதான் இருந்தோம், நம்பர் மாறிடுத்தேடீ!"

மாதிரித் தேர்வுக் காலை

முந்தின நாள் மாலை, சர்வரை அணைத்து, என் புராஜெக்டுக்காக ஒரு கிராஃபிக்ஸ் கார்டை அதில் செருகிவிட்டு, காலையில் இயக்கிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். காலையில் enp3s0-வைக் காணோம். புதுக் கார்டு உள்ளே நுழைந்ததில் வரிசை ஒன்று தள்ளி, enp4s0 என்று ஒன்று அப்பாவியாக நின்றது. வார்டு பிரித்துவிட்டார்கள்! வாசலில் முதலாண்டுப் பிள்ளைகள். தேர்வுக்கு இருபது நிமிடம்.

"நான்தான் அண்ணே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கார்டிலும் தொழிற்சாலையிலேயே பதித்த எண் ஒன்று உண்டு. அது எங்கே செருகினாலும் மாறாது. அதைப் பிடித்து நாமே பெயர் வைத்துவிடலாம். என்ன பெயர்? அவர் eth0 என்றார், நான் சீறினேன். அதில் ஐந்து நிமிடம் போனது. கடைசியில், "உள்ளே இருப்பது கோட்டை, எங்கள் வீட்டுப் பக்கம்" என்றேன். "அப்போ வெளிய போறது தம்பானூர். நான் பஸ் ஏறுத எடமில்லியா" என்றார்.

சர்வர் எழுந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாய்ப் பச்சையாயின. மணி அடிக்கும்போது துறைத் தலைவி வந்து திரையைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார். கிராஃபிக்ஸ் கார்டு பற்றி நான் வாய் திறப்பதற்குள் கையை உயர்த்தி, தன் மலையாளத் தமிழில் சொன்னார்:

"யாரு ஜயிச்சதுன்னு எனிக்கு அறியவேண்டா மோளே, சாவி உன் கையிலதன்னே இருக்கட்டே."

வாதத்தில் நான் தோற்கவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவுசெய்து, இதைத் தம்பானூர் வழியாகவே உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.