பன்னிரண்டு கிணற்றுத் தண்ணீர்

எங்கள் பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்த பழைய மாணவர்கள் எங்கே கூடினாலும் ஒரு போட்டி நடக்கும்: அவரிடம் அதிகம் திட்டு வாங்கியவர் யார்? அதில் நான் தோற்றுத்தான் போவேன். நான் அவரிடம் ஒரு முழுப் பொய் சொன்னேன். அதற்குக்கூட அவர் திட்டவில்லை.

இரண்டாவது உலக யுத்தத்துக்கு முந்திய கோடை. சென்னையில் அவரிடம் ரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே சாயம் ஊருக்கு ஊர் வேறு நிறம் காட்டுவது ஏன் என்பது என் கேள்வி. இளம்பிள்ளையில் நெசவாளி வீட்டில் பிறந்தவனுக்கு அவரே தேடிக் கொடுத்த கேள்வி அது. விடுமுறைக்கு ஊருக்கு வந்து, பன்னிரண்டு கிணற்றுத் தண்ணீரில் ஒரே சிவப்பைக் காய்ச்சி சிட்டம் சிட்டமாகக் கட்டிய நூல் கற்றைகளைத் தோய்த்து, கிணற்றின் பெயரைச் சீட்டில் எழுதிக் கட்டி, முற்றத்தில் காயப்போட்டிருந்தேன். பிறகு அவற்றைத் துவைத்து, எதில் எவ்வளவு சாயம் நிற்கிறது என்று அளக்க வேண்டும். உபகாரச் சம்பளம் அந்த வருஷத்தோடு சரி. முடிவு வராவிட்டால் பட்டம் கிடையாது, திரும்பவும் தறிக்குழிதான்.

ஏரித் தண்ணீரையும் பார்த்துவிடலாம் என்று பனமரத்துப்பட்டிக்குப் போய் மறுநாள் திரும்பினேன். அதற்குள் அம்மா எல்லாச் சிட்டத்துக்கும் கஞ்சி போட்டு வைத்திருந்தாள். சாயமேறிய நூல் கண்ணில் பட்டால் எங்கள் வீட்டில் கை தானாகக் கஞ்சிச் சட்டிக்குப் போகும். ஆனால் கஞ்சி ஏறிய நூலில் சாயத்தைச் சரியாக அளக்க முடியாது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுத் தறி நின்றுவிட்டது.

அடுத்த நாள் காலையிலேயே, என் வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க, பேராசிரியர் சேலத்திலிருந்து ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். "மழையில் நனைந்துவிட்டது, சார்" என்றேன். அம்மா செய்த காரியத்தைச் சொல்ல எனக்கு வெட்கம்.

அவர் ஒரு சிட்டத்தை விரலால் நெருடினார். "மழையில நனைஞ்ச நூல் இப்படி மொடமொடன்னு இருக்காதேப்பா."

கதவோரம் நின்ற அம்மா முன்னால் வந்தாள். "மழையில்லீங்க சாமி, நாந்தான் கஞ்சி போட்டுட்டேன். போடாத நூலு தறிக்கு ஆவுமுங்களா? ஆனா பாருங்க, இந்த மூணுல மட்டும் கஞ்சி பிடிக்கவே மாட்டேங்குதுங்க. ரெண்டு தரம் போட்டும் உதுந்து போச்சு."

அவர் அந்த மூன்று சீட்டுகளையும் படித்தார். மூன்றும் உப்புத் தண்ணீர்க் கிணறுகள். உப்புத் தண்ணீரில் தோய்த்த நூலில் கஞ்சி நிற்காது என்பது என் அட்டவணையில் இல்லாத சங்கதி. உடனே மண் தரையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். எந்த அரிசி, எவ்வளவு நேரம், எந்தத் தண்ணீர் என்று அம்மாவிடம் ஒரு மணி நேரம் கேட்டுக் கேட்டு எழுதினார். பல்கலைக்கழகத்தில் அவர் நடந்து வந்தால் எல்லோரும் எழுந்து நிற்போம்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "கஞ்சியோட பன்னிரண்டு, கஞ்சியில்லாம பன்னிரண்டு. ஆரம்பி." ஒன்பது நாள் சேலத்தில் தங்கி, தினமும் வந்து, என்னோடு கிணற்றில் தண்ணீர் இறைத்தார்.

அந்தக் கஞ்சி அத்தியாயம்தான் என் ஆய்வேட்டைக் கரையேற்றியது. முதல் பக்கத்தில் அவருக்கு நன்றி எழுதிக் காட்டினேன். தம் பெயரை அடித்துவிட்டு, "கஞ்சி பிடிக்கலைன்னு கண்டுபிடிச்சது யாரு?" என்றார். அம்மாவின் பெயரை எழுதினேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பரீட்சகர் அந்தப் பெயரில் விரலை வைத்து, "இந்த அம்மாள் எந்தக் கல்லூரி?" என்று கேட்டார். பேராசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் அம்மா, சார். இளம்பிள்ளையில் தறி நெய்கிறாள்" என்றேன்.

பட்டம் வாங்கியதைவிட, அதை அவர் முன்னால் உரக்கச் சொன்னதுதான் எனக்குப் பெருமை.