ஹபீப் பாய் கொடுத்துவிட்டுப் போன படங்கள்

சனிக்கிழமை காலை. அச்சகத்தில் பனியன் பெட்டிக்கான லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் தொலைபேசி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. பைண்டிங் பார்க்கும் பெண் எடுத்துப் பேசிவிட்டு வந்து, இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். மறுமுனையில் ஜெரினா, ஹபீப் பாயின் ஒரே மகள். “மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க” என்றாள். தொழுதுவிட்டு வந்து டீ குடித்து நாற்காலியில் சாய்ந்தவர் பிறகு எழவே இல்லையாம். நான் “சரி கண்ணு” என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்படியொரு செய்திக்குச் ‘சரி’ என்று பதில் சொன்னது ரோட்டில் இறங்கி நடக்கும்போதுதான் உறைத்தது. இன்று வரை அதற்கு வேறு பதில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தோம். சனிக்கிழமை திருப்பூரில் சம்பள நாள். கம்பெனியை விட்டு வர முடியாதவர்கள் எல்லாம் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பெண்கள் உள்ளே போய், பாயின் மனைவி பாத்திமா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் தெருவில் நின்றோம். இதைப் படிக்கிறவர்களில் பலரை அங்கே பார்த்தேன். ஒரு புகைப்படக்காரருக்கு இத்தனை டையிங் தொழிலாளிகளையும் செக்கிங் பெண்களையும் எப்படித் தெரியும் என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டார்கள். நமக்குத் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில்தான் அவரை முதலில் சந்தித்தேன். அடையாள அட்டைக்கான படம், கல்யாணப் படம், வெளிநாட்டுக்கு அனுப்பும் சாம்பிள் உடைகளின் படம், இவைதான் அவருக்குச் சோறு போட்டவை. ஒருநாள் ஒரு பனியன் கம்பெனி முதலாளியோடு என் அச்சகத்துக்கு வந்தார். பெட்டியின் மேல் போட ஒரு படம் எடுத்துவரச் சொல்லியிருந்தார் முதலாளி. பாய் எடுத்திருந்தது அந்தக் கம்பெனியின் கட்டிங் மாஸ்டரை. லேசான தொப்பை, கழுத்தில் நரம்பு, வெள்ளைப் பனியன். கண் நம்மை நேராகப் பார்த்தது.

“என்னங்க பாய் இது? நம்ம மாஸ்டரைப் போட்டா பனியன் ஓடுங்களா?” என்றார் முதலாளி.

“வேர்வையில நனையறது அவரு பனியன்தானுங்க. சினிமாக்காரரு கோட்டுக்குள்ள போட்டா யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் பாய்.

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார், ஆனால் அசையவில்லை. கடைசியில் ரோஜா நிறக் கன்னத்தோடு யாரோ ஒரு மீசைக்காரன் பெட்டியில் ஏறினான். பாய் கோபித்துக்கொள்ளவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு போய் மாஸ்டரிடமே கொடுத்துவிட்டார். அந்த மாஸ்டர் கொஞ்ச காலம், சினிமா வாய்ப்பு கைநழுவிப் போனவர் மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பாய் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் எரிச்சல்தான் வரும். நான் பொறுமைக்குப் பெயர் போனவன் அல்ல. நொய்யல் கரையோரம் ஒரு டையிங் பட்டறைக்கு அவரோடு போயிருந்தேன். வெளிச்சம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இவரோ கவிழ்த்த டிரம்மின் மேல் உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, சாயம் போடுகிறவரிடம் பெயர் கேட்டு, ஊர் கேட்டு, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். “பேரு தெரியாம எடுத்தா அது வெறும் மூஞ்சிங்க மணி. பேரு தெரிஞ்சாத்தான் ஆளு” என்பது அவர் கட்சி. ஒருவழியாகக் கேமராவை எடுத்தபோது, அந்த மனிதர் முழங்கை வரை நீலம் ஏறியிருந்த கைகளைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பாய் அப்படியே எடுத்துவிட்டார். திரும்பி வரும்போது நான் விடவில்லை. அந்தக் கைதானே படம், முன்னால் வைக்கச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

“அவரு மறைச்சாருங்க. நானென்ன துப்பறியற வேலைக்கா வந்தேன்?” என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து போய்விட்டார்.

எடுத்த படத்தின் ஒரு பிரதியை, அடுத்த சம்பள நாளன்று அந்தந்தக் கம்பெனி வாசலில் நின்று உரியவர் கையில் கொடுத்துவிடுவார். காகிதக் கவரில் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, காசு வாங்காமல் கொடுப்பார். “ஸ்டுடியோ நடத்தறீங்களா, தர்ம சத்திரம் நடத்தறீங்களா?” என்று நான் சத்தம் போட்டிருக்கிறேன். “அவங்க மூஞ்சிங்க. எங்கிட்ட இருந்து என்ன பண்ணப்போகுது?” என்பார். இந்தப் படங்களை எல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் போட வேண்டும் என்பது என் ஆசை. இந்த ஊர் வளர்ந்த கதையை இயந்திரங்களை வைத்தும் ஏற்றுமதிக் கணக்கை வைத்தும் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பஞ்சுத் தூசியோடு வீட்டுக்குப் போனவர்களின் முகங்களை வைத்துச் சொன்னவர் எனக்குத் தெரிந்து ஹபீப் பாய் ஒருவர்தான். கேட்கும்போதெல்லாம் “ஆகட்டுங்க, பாக்கலாம்” என்று சொல்லியே தொண்ணூறுகளின் பாதியைத் தாண்டிவிட்டார். நெகட்டிவ்கள் பத்திரமாக இருக்கின்றனவே என்று நானும் இருந்துவிட்டேன்.

அவை எப்படி இருந்தன என்று சொல்ல வேண்டும். நெகட்டிவ் சுருள்களை அவர் ஏற்றுமதி அட்டைப்பெட்டிகளில் வைத்திருந்தார். கீழே ஓர் அடுக்கு பனியன் கட்டிங் துண்டு, அதன்மேல் சுருள்கள், மறுபடி துண்டு. ஈரம் ஏறாமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி. இந்த ஊரில் ஓசியில் கிடைக்கும் பொருள் அது ஒன்றுதானே. அவர் போன பிறகு ஸ்டுடியோ இருந்த மாடியைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பாத்திமா அக்கா கணவருக்கான துக்க காலமான இத்தாவில் இருந்ததால் வெளியே வரவில்லை. உறவுக்காரர்கள் சாமான்களைக் கீழே இறக்கி, பெட்டிகளை வாசலில் அடுக்கிவிட்டு, வண்டி பிடித்துவரப் போனார்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கம்பெனியின் வேஸ்ட் எடுக்கும் மினி வேன் வந்தது. வாசலில் அட்டைப்பெட்டி, அதன் வாயில் எட்டிப் பார்க்கும் பனியன் துண்டு. திருப்பூரில் அதைப் பார்க்கிற எவருக்கும் ஒரே அர்த்தம்தான். ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யாரைக் குற்றம் சொல்வது?

விஷயம் தெரிந்து நானும் ஜெரினாவும் அந்த வேஸ்ட் குடோனைக் கண்டுபிடித்துப் போவதற்குள் பெட்டிகளைக் கொட்டித் தரம் பிரித்துவிட்டிருந்தார்கள். வெள்ளைத் துண்டு ஒரு குவியல், கலர் ஒரு குவியல். தேனிப் பக்கமிருந்து வந்து அங்கே வேலை செய்யும் ஓர் அம்மா எங்களைப் பார்த்துப் பதறிப்போனார். “ஏதோ டேப்புன்னு நெனச்சோம்ண்ணே. குப்பையோட சேத்து அள்ளிக் கொளுத்திப்புட்டாங்க. தெரிஞ்சிருந்தா எடுத்து வச்சிருக்க மாட்டோமா?” என்றார். பிரிக்காமல் கிடந்த ஒரே ஒரு பெட்டி மட்டும் கிடைத்தது. குடோனுக்குப் பின்னால் சாம்பல் மேட்டில் சுருண்டு கருகிய ஒரு துண்டை எடுத்து ஜெரினா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அடக்கத்தன்று அழாத நான் அங்கே அழுதேன். மனிதர் போனார், அவர் செய்த வேலையும் போய்விட்டது என்று நினைத்தேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓத வீட்டில் கூடியிருந்தோம். பனியன் கம்பெனியில் மடிப்பு வேலை பார்க்கும் ஒரு பெண் பாத்திமா அக்காவைப் பார்க்க வந்தவர், கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். “பாய் எடுத்ததுங்க. நீங்க பாத்திருக்க மாட்டீங்கன்னு கொண்டாந்தேன்” என்றார். பெண்கள் கூட்டத்தில் கைமாறிக் கைமாறி அந்தப் படம் வாசல் வரை வந்தது. மடித்த சட்டைகளுக்கு நடுவே, யாரோ சொன்ன எதற்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் முகம். ஜெரினா படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “மாமா, அத்தாதான் எல்லாருக்கும் குடுத்தாங்களே” என்றாள். தர்ம சத்திரம் என்று நான் கத்தினேனே, அதில் கொடுத்தவை எல்லாம் ஊரில்தானே இருக்கும்.

அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அலைகிறோம். அவருடைய கேமராவையே எடுத்துப் போய், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வெயில் நிழல் பார்த்துப் படத்தை வைத்து, ஜெரினா அதைப் படமெடுக்கிறாள். பல்லடத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருந்தது. திருமுருகன்பூண்டியில் ஒரு சிற்பி, தலை முதல் கால் வரை கல்மாவு படிந்து நிற்கும் தன் படத்தைச் சாமி படங்களின் வரிசையிலேயே மாட்டியிருந்தார். “தப்பா நெனைக்காதீங்க, நானே என்னைக் கும்பிடறதில்லீங்க. ஊட்டுல வேற ஆணி இல்லே” என்றார். சில படங்களுக்கு மாலை விழுந்திருந்தது. சில படங்கள் உரியவர்களோடு மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் போய்விட்டன, அவற்றின் முகவரி யாரிடமும் இல்லை. மழையில் நனைந்து கரைந்து போனவையும் உண்டு. பாதிகூடத் தேறாது என்று தெரிந்துதான் போகிறோம்.

போன மாதம் ஒரு லைன் வீட்டுக்குப் போனோம். எந்த ஊர் என்று எழுதவில்லை. அந்த அம்மாவின் மகள் செக்கிங்கில் இருந்தவள், காய்ச்சலில் போய்விட்டாள். பாய் எடுத்த படம் தவிர அவளுக்கு வேறு படம் கிடையாது. அந்த அம்மா இரும்புப் பெட்டியைத் திறந்து, ஒரு சேலையின் மடிப்பிலிருந்து அதை எடுத்து, எங்கள் முன்னால் விரித்திருந்த கோரைப்பாயில் வைத்தார். நான் படம் அச்சடித்தே கண் தேய்ந்தவன். ஹபீப் பாய் எடுத்தவற்றில் நான் பார்த்த மிகச் சிறந்த படம் அது. ஜெரினா கேமராவின் உறையைத் திறந்தாள்.

“பாத்துக்கங்க கண்ணு. படம் புடிக்க வேண்டாம்” என்றார் அந்த அம்மா.

நான் விடுவேனா. படம் இங்கேயேதான் இருக்கும், ஒரு நிமிட வேலை, புத்தகம் வந்தால் பாய் பேர் நிற்கும் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“அவரு பேரு நிக்கட்டுமுங்க. அவராட்டம் மனுசரு கெடைக்க மாட்டாங்க. ஆனா எம்புள்ள யாரு யாரு கையிலயோ போயி இருக்க வேண்டாம் சாமி. இங்கயே இருக்கட்டும். அவரும் எங்கிட்டத்தானுங்க குடுத்தாரு.”

எனக்கு வாயில் இன்னும் வார்த்தை இருந்தது. ஜெரினா கேமராவை மூடிவிட்டாள். அதற்குப் பிறகும் நாங்கள் நெடுநேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஒரு முறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

புத்தகம் வரும். கிடைத்தவரை போட்டு, என் அச்சகத்திலேயே அடிப்பேன். உங்கள் வீட்டில் பாய் எடுத்த படம் இருந்தால் சொல்லி அனுப்புங்கள், நாங்களே வருகிறோம். கொடுக்க மனமில்லையென்றால் காட்டினாலே போதும். அந்தப் பெண்ணின் படம் புத்தகத்தில் இருக்காது. அவள் பெயரும் இருக்காது. அந்தப் படத்தில் அவள் எப்படி இருந்தாள் என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை, நேரில் நீங்கள் கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஹபீப் பாயிடமிருந்து எனக்கென்று நான் மனதுக்குள் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு படத்தைத்தான்.