கோல் கம்பத்துக்குப் புதுப் பெயிண்ட்

எங்கள் கால்பந்துக் கழகத்தின் குறிப்பேட்டில் 1986 மார்ச் 9, ஞாயிறு என்ற தேதிக்குக் கீழே என் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: "கிருஷ்ணகிரி. 0–4. பட்டியலில் கடைசி. இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கம். கோல் கீப்பர் மீது குற்றமில்லை. மற்ற பத்துப் பேர் மீது உண்டு." கடைசி வரியை யாரோ பென்சிலால் அடித்திருக்கிறார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அதியமான்கோட்டையைத் தாண்டி பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். நான் அங்கே பள்ளிக்கூட கிளார்க். கழகத்துக்குச் செயலாளரும் நானே. பந்தை உதைத்து எனக்குப் பழக்கமில்லை. ஆனால் எதற்கும் தேதி போடுவேன். கழகத்தில் அதைச் செய்ய வேறு ஆளில்லை.

தோற்கிற அணியில்தான் கோல் கீப்பர் நட்சத்திரமாக முடியும். ஜெயிக்கிற அணியின் கீப்பர் வெயிலில் நின்று நிழல் தேடுவார். எங்கள் ஆளுக்கு அந்தச் சிரமம் இருந்ததில்லை. எங்கள் தடுப்பாட்டக்காரர்கள் எதிரணிக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்பதில் அத்தனை மரியாதை காட்டினார்கள். நாலு வாங்கிய அந்த ஆட்டத்தில் அவர் தடுத்தவற்றையும் எண்ணினேன். பதினொன்று வரை எண்ணி, பிறகு பார்ப்பதிலேயே மூழ்கி விட்டுவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த அணியின் ஆட்கள் தங்கள் கோல் கீப்பரை விட்டுவிட்டு எங்கள் ஆளைத் தோளில் தூக்கினார்கள். எங்கள் மிலிட்டரிக்காரருக்கு அது பெரிய அவமானம். மிலிட்டரிக்காரர் என்பது எங்கள் கோச். ராணுவத்தில் சமையல் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். அணியைப் பத்துப் பேருக்குச் சோறு போடுகிற மாதிரியே நடத்தினார். கேட்டவனுக்குக் கேட்ட இடம்.

கோல் கீப்பருக்கு வயது இருபத்தேழு. நெடுஞ்சாலையோரம் ஒரு பட்டறையில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. லாரி வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. ஊரின் கிழக்குத் தெருவில் இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் உண்டு. அதில் கடைசி வீடு அவருடையது. அவரும் அம்மாவும் மட்டும்.

வற்றிய ஏரிதான் மைதானம். அங்கே எதையும் நட்டுவைத்துவிட்டு வர முடியாது. கோல் கம்பத்தை ஒரு ராத்திரி விட்டால் மறுநாள் யார் வீட்டுப் பந்தலிலோ வாழைமரம் கட்டிக்கொண்டு நிற்கும். அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் நான்கு கம்பங்களையும் இரண்டு குறுக்குக் கட்டைகளையும் பிடுங்கிக் கிழக்குத் தெரு கடைசி வீட்டில் சாத்துவது வழக்கம். அந்த வீடுதான் ஏரிக்கு அருகில் இருந்தது. ஆறு வருஷமாக அவற்றுக்குக் காவல் அவரே.

மார்ச் 17, திங்கள். சேலத்து மில் ஒன்றிலிருந்து கழகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அவர்கள் அணிக்கு ஒரு கோல் கீப்பர் வேண்டும். எங்கள் ஆளுக்கு மில்லிலேயே நிரந்தர வேலை தருகிறார்கள். ஆனால் கழகம் முத்திரை போட்டு விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். அது மார்ச் 31-க்குள் கிடைக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

கடிதம் எனக்கு வந்தபோது அதன் மேல் வடைக் கறை இருந்தது. கழகத்தின் விலாசம் டீக்கடைதான். கடைக்காரர் பிரித்து, சத்தமாக வாசித்து, ஊருக்குக் கேட்கவைத்து, அப்புறம் செயலாளருக்குக் கொடுத்தார். கழகத்தின் முத்திரையும் அவர் மேஜை டிராயரில்தான் கிடந்தது. வெளியூர் ஆட்டங்களுக்கு வேன் ஏற்பாடு செய்கிறவர் அவர் என்பதால் அந்த உரிமை.

அன்று சாயங்காலமே விவாதம் ஆரம்பித்தது.

"போயிருவான்," என்றார் மிலிட்டரிக்காரர். "ரெண்டாம் டிவிஷன்ல எவன் ஆடுவான்? எருமைங்க மேயற ஏரியில எருமைங்களோட ஆடணும்."

"இப்ப மட்டும் எதோட ஆடிக்கிட்டிருந்தான்?" என்றார் கடைக்காரர். "உங்க டிபன்ஸ பாத்துட்டுத்தான் எருமைங்களே வெக்கப்பட்டு மேக்கால போயிருச்சுங்க."

"நீ டீயைக் கவனி. சக்கரையே இல்ல."

"சக்கரை நாலு கோல் வாங்காதவங்களுக்குத்தான். சார், நீங்க சொல்லுங்க. இருப்பானா, மாட்டானா?"

"அவரையே கேட்டுவிடலாமே," என்றேன்.

கடையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கல்யாண வீட்டில் தும்மிவிட்டவனைப் பார்ப்பது போல.

"என்ன சார், படிச்சவங்க நீங்க," என்றார் கடைக்காரர். "வெளிய கெளம்பறவன எங்க போறன்னு கேப்பாங்களா? கேட்டா வெளங்குமா? போறியாடான்னு நாம கேட்டா போடான்னு சொன்ன மாதிரிதான. அவன் மனசுல இல்லாததை நாமளே எடுத்து வெக்கறதா?"

"கடிதம் வந்ததையாவது சொல்லணும் இல்லையா?"

"அதச் சொன்னா இதக் கேட்ட மாதிரிதான்."

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரிந்தது. அதைக் காட்டி வாதாட நான் முயலவில்லை. நேர்மையாகச் சொன்னால், அவர் போவதை நானும் விரும்பவில்லை. கடிதத்தை மடித்துக் குறிப்பேட்டுக்குள் வைத்தேன். தேதி மட்டும் போட்டேன்.

ஆளைக் கேட்க முடியாது என்றானதும் எல்லோரும் சகுனம் பார்க்க ஆரம்பித்தார்கள். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு போட்டேன். இந்தப் பக்கம் 'இருப்பார்', அந்தப் பக்கம் 'போவார்'. மார்ச் 19: வீட்டுக் கூரைக்குப் புது ஓடு பன்னிரண்டு வாங்கினார் – இருப்பார். மார்ச் 20: அம்மாவுக்குச் செருப்பு வாங்கினார். அம்மா இதுவரை செருப்பில்லாமல்தான் நடந்தார், இனி தூரமாக நடக்கப்போகிறார் – போவார். மார்ச் 21: சேலம் பஸ் தன்னைக் கடந்து போனதைத் திரும்பிப் பார்த்தார் – போவார். அதே தேதி: பெங்களூர் பஸ்ஸையும் திரும்பிப் பார்த்தார் – தள்ளுபடி. இதையெல்லாம் நான் எழுதியிருக்கிறேன். மறுக்க வழியில்லை.

மார்ச் 24, திங்கள் காலையில் கடைக்காரர் மூச்சிரைக்கப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"சார், முடிஞ்சுது! பெயிண்ட் அடிச்சிருக்கான்!"

"எதுக்கு?"

"கம்பத்துக்கு! ஆறும் வெள்ளை வெளேர்னு வேலியில காயுது. வந்து பாருங்க."

மத்தியானம் போய்ப் பார்த்தோம். ஆறு கட்டைகளும் இரண்டு கோட்டிங் வெள்ளை எனாமலில் பளபளத்தன. கம்பங்களின் அடியில் லாரி பம்பருக்குப் போடுவது போலச் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை. ஒரு கம்பத்தில் சின்னதாகத் தாமரை. ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதாதது ஒன்றுதான் குறை. மாவட்டத்தில் எந்த அணிக்கும் அப்படியொரு கோல் கம்பம் கிடையாது. முதல் டிவிஷனில் இருந்தபோது எங்களுக்கே கிடையாது.

"போறவன் எவனாச்சும் பெயிண்ட் அடிப்பானா?" என்றார் கடைக்காரர். "இருக்கப்போறவன்தான் வூட்டுக்கு வெள்ளையடிப்பான்."

மிலிட்டரிக்காரர்கூட ஒப்புக்கொண்டார். அன்று கடையில் டீக்குச் சர்க்கரை தாராளம். குறிப்பேட்டில் 'இருப்பார்' என்பதன் கீழே சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டேன். விவாதம் அத்தோடு முடிந்தது. இனி வரும் வருஷம் யாரை வெளியேற்றலாம் என்று மிலிட்டரிக்காரர் ஆரம்பித்தார். கடிதம் குறிப்பேட்டுக்குள்ளேயே இருந்தது. அதற்கு ஏழு நாள் பாக்கி.

இந்த இடத்தில் தவக்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் புதிதாக வந்த பங்குச் சாமியார், ஈஸ்டர் வரை நாற்பது நாளும் ஆளுக்கொரு பிரியமான பொருளை விடச் சொன்னார். கிழக்குத் தெரு கூடிப் பேசி ஒட்டுமொத்தமாக டீயை விட்டது. இருபது குடும்பமும் கடைப் பக்கமே வரவில்லை. "கறிய உடலாம், சாராயத்த உடலாம், சாமிக்கு என் டீதான் கெடச்சுதா?" என்று கடைக்காரர் நாற்பது நாளும் புலம்பினார். அதனால் நாங்கள் நடத்திய அந்த மகா விசாரணையில் கிழக்குத் தெரு ஆள் ஒருவர்கூட இல்லை. கிழக்குத் தெருக்காரர் ஒருவரைப் பற்றிய விசாரணை அது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

மார்ச் 30, ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழரை மணிக்கு உபதேசியார் கடைக்கு வந்தார். கோயில் காரியங்களைச் சாமியாருக்குத் துணையாகப் பார்க்கிறவர். அறுபது வயது. நாற்பது நாளுக்குப் பிறகு அவர் குடிக்கும் முதல் டீ. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தார்.

"இந்தத் தண்ணிக்கா இவ்ளோ நாளு ஏங்கினேன்?" என்றார்.

கடைக்காரர் அதைப் பொருட்படுத்தவில்லை. நல்ல செய்தி சொல்லும் அவசரம். "உபதேசியாரே, உங்க தெருப் பையன் எங்கயும் போகல, தெரியுமில்ல? கம்பத்துக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கான்."

உபதேசியார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அடப் பாவிங்களா. சாமிய வெச்சுத் தூக்கிட்டுப் போற எங்க சப்பரம் வருசத்துக்கு ஒரு வூட்டுல இருக்குமில்ல? ஈஸ்டர் வந்தா அடுத்த வூட்டுக்குப் போவும். வெச்சிருந்த வூட்டுக்காரங்க பெயிண்ட் அடிச்சுத்தான் அடுத்தவங்க கையில குடுப்பாங்க. அவங்கப்பன் காலத்துலேருந்து அப்பிடித்தான். அந்தப் பையன் கம்பத்த ஒப்படைக்கறான். ஒரு வாரமா வேலியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், யாரும் வந்து வாங்கல."

மிலிட்டரிக்காரர், "நான் அப்பவே சொன்னேன்," என்றார். அவர் அப்பவே மாற்றிச் சொன்னதும் குறிப்பேட்டில் இருக்கிறது.

நான் கிழக்குத் தெருவுக்கு நடந்தேன். கோல் கீப்பர் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்கு வெள்ளைச் சட்டை. நகக்கண்ணில் மட்டும் எனாமல்.

"வாங்கணா. கம்பத்தப் பாத்தீங்களா?"

"பார்த்தேன். ரொம்ப நல்லா இருக்கு."

"எல்லாரும் வந்து பாத்துட்டுப் போனாங்கன்னு அம்மா சொன்னாங்க. யாரும் ஒண்ணும் சொல்லலியேன்னுதான்..." என்று இழுத்தார். பிறகு, "மில்லுல லெட்டர் போட்டாச்சுன்னாங்க. கழகத்துல குடுக்க விருப்பமில்ல போலன்னு இருந்துட்டேங்ணா. டீம் எறங்கிக் கெடக்கற நேரத்துல நான் வந்து எப்பிடிக் கேக்கறது?" என்றார்.

அவர் அம்மா உள்ளேயிருந்து வந்தார். காலில் புதுச் செருப்பு. "நாளைக்குத்தானுங்களே கடைசி நாளு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் குறிப்பேட்டைப் புரட்டிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். வடைக் கறையோடு.

விடுவிப்புக் கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். முத்திரைக்குக் கடைக்குத் திரும்பினால், "முத்திரை காணாமப் போயி பத்து நாளாச்சு சார்," என்றார் கடைக்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

"எங்கே காணாமல் போனது?"

"அது தெரிஞ்சா காணாமப் போனதுன்னு சொல்லுவனா?"

உபதேசியார் இரண்டாவது டீயில் இருந்தார். "இன்னிக்கு ஆண்டவரே கல்லறையத் தொறந்துட்டு வந்துட்டாரு. நீ டப்பாவத் தொறக்க மாட்டியா?" என்றார்.

கடைக்காரர் பொறை ரொட்டி டப்பாவை இறக்கி, அடியில் கையை விட்டு முத்திரையை எடுத்தார். தூள் ஒட்டியிருந்தது. ஊதிவிட்டு, மை தொட்டு, தன் கையாலேயே அழுத்தினார். முத்திரை தலைகீழாக விழுந்தது. மில்லில் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

மார்ச் 31, திங்கள் காலை சேலம் பஸ்ஸுக்குக் கோல் கீப்பரை அனுப்பப் பெங்களூர் ரோட்டுக்கு எட்டுப் பேர் போனோம். முதலில் அங்கேயே, கூடத் தூக்கி வந்த கம்பங்களை ஒப்படைத்தார். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஆறையும் எண்ணினேன். படியில் ஏறும்போது அவர் கடைக்காரர் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். நான் ஏழெட்டு அடி தள்ளி, கம்பங்களோடு நின்றிருந்தேன். பஸ் போன பிறகு கடைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். புழுதி என்றார்.

அவர் மில்லில் சேர்ந்தார், நிரந்தரமானார். நாங்கள் இரண்டாம் டிவிஷனிலும் கடைசியாக வந்தோம். அதற்குக் கீழே டிவிஷன் இல்லாததால் அங்கேயே இருந்தோம். தாமரை போட்ட கம்பங்களுக்கு இடையே பந்து நிறையப் போனது.

பஸ் படியில் அவர் என்ன சொன்னார் என்பதற்குக் கடைக்காரர் ஒருவரே சாட்சி. "ஒருத்தராச்சும் இருடான்னு கேட்டிருந்தா இருந்திருப்பேன்" என்று சொன்னதாக அவர் சொல்கிறார். சொல்லும்போதெல்லாம் என்னைத்தான் பார்ப்பார், கேட்க வேண்டாம் என்றது நான் என்பது போல. 1988-இல் இதை நேராகவே விசாரித்துச் சேலத்துக்கு எழுதினேன். அம்மா சௌக்கியம், மில் அணி அரையிறுதியில் தோற்றது, கம்பத்துக்கு அடுத்த கோட்டிங் அடித்தீர்களா என்று பதில் கார்டு வந்தது. கேட்டதற்குப் பதில் இல்லை. ஆகவே குறிப்பேட்டில் மார்ச் 31-க்கு நேரே பென்சிலால் எழுதியது அப்படியே இருக்கிறது: "கேட்டிருந்தால் இருந்திருப்பார் – டீக்கடைக்காரர் வாய்மொழி. உறுதி செய்யப்படவில்லை."