இலை சுரண்டப்பட்ட புட்டி

என் மனைவி குளிக்கும்போது கதவைத் தாழிடுவதில்லை. வலிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் நான் வெளியே நின்று, சொம்பு வாளியில் முட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றால், "இருக்கியா?" என்பேன்.

"எங்க போகப் போறேன், இருக்கேன்" என்பாள்.

எங்கள் மலைக்கிராமமான பேத்துப்பாறையில் காலை மேகம் வாசல் வரை வந்து நிற்கும். சுடுதண்ணீரின் ஆவி கதவிடுக்கு வழியாக வந்து அதோடு சேர்ந்துகொள்ளும். எது ஆவி, எது மேகம் என்று பார்த்துக்கொண்டே பல வருடங்கள் போய்விட்டன. ஒரு நாளாவது தாழ் போட்டுக் குளிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

நான் வட்டக்கானலில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறேன். பத்தாவது வரை படிப்பு. யாரிடமும் அதிகம் பேச வராது. போன வருடம் ஒரு மாதம் தங்கியிருந்த சென்னைப் பெண்ணிடம் மட்டும் எப்படியோ மனைவியின் நோயைச் சொல்லிவிட்டேன். கிளம்பும்போது அவர் ஒரு சின்னப் புட்டியைக் கையில் வைத்தார்.

"அண்ணா, இது சிபிடி எண்ணெய். கஞ்சாச் செடியில இருந்து எடுக்கிறது, ஆனா போதை வராது. நான் தூக்கத்துக்குப் போட்டுக்கறேன். வலிப்புக்கும் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க."

வீட்டில் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தேன் நிறம். சாய்த்தால் மெல்ல நகர்ந்தது. அதற்குள் எங்கள் குளியலறைத் தாழ் விழும் சத்தம் இருப்பதுபோல எனக்குத் தோன்றியது.

"டாக்டர்ட்ட கேக்காம நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றாள் மனைவி.

கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போக வேண்டும். புட்டியின் லேபிளில் கஞ்சா இலைப் படம் பச்சையாக விரிந்திருந்தது. வழியில் யாராவது பையைத் திறக்கச் சொன்னால்? வரிசையில் ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால்? வெந்நீரில் ஊறப்போட்டு, கரண்டிக் காம்பால் லேபிளை முழுதாகச் சுரண்டிவிட்டேன்.

டாக்டரம்மா புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லேபிள் எங்க?"

நான் தரையைப் பார்த்தேன்.

"இலைப் படம் போட்டிருந்துச்சும்மா. வெக்கப்பட்டுச் சுரண்டிட்டாரு. எங்க கல்யாண போட்டோவுலயும் இவரு மூஞ்சி தெரியாது, உச்சந்தலைதான் தெரியும்" என்றாள் மனைவி.

டாக்டரம்மா சிரித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "அந்தப் பொண்ணு சொன்னது பொய்யில்ல. கொழந்தைங்களுக்கு வர்ற சில அபூர்வமான, கடுமையான வலிப்புல, சுத்தமாத் தயாரிச்ச சிபிடி மருந்து வலிப்பக் கொறைக்குது. ஆனா ஈரலுக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்து, ரத்தம் சோதிச்சுக் குடுக்கணும். தூக்கம், வலி, பதட்டத்துக்கெல்லாம் ஒதவலாம்னு ஆராய்ச்சி நடக்குது, இன்னும் உறுதியாத் தெரியல. சில வலிப்பு மாத்திரையோட சேந்தா மயக்கம் கூடும். லேபிள் இருந்தாலே உள்ள இருக்கறத முழுசா நம்ப முடியாது. நீங்க அதையும் சுரண்டிட்டீங்க."

பிறகு மனைவியிடம் திரும்பினார். "மாத்திரை தவறாமப் போடுறீங்களா?"

எப்போதும் பதில் வைத்திருப்பவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "தோட்டத்துக்குக் கேரட் எடுக்கப் போற அன்னிக்கி காலை மாத்திரை போடறதில்லம்மா. கண்ணு சொக்குது. சரிவுல விழுந்துட்டா?"

எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றவனுக்கு இது தெரியாது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் வழக்கம்போலத் தரையைத்தான் பார்த்தேன்.

டாக்டரம்மா மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதினார். வலிப்பு வருகிற நாட்களைக் குறித்துவரச் சொன்னார். புட்டியை அவரிடமே விட்டுவிட்டு வந்தோம். பஸ்ஸில் என் பை மிகவும் லேசாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை இருக்கிற இடமே தெரியவில்லை.

வலிப்பு நின்றுவிடவில்லை. இடைவெளி கூடியிருக்கிறது. தாழ் போட டாக்டரம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.

போன வாரம் சொம்புச் சத்தம் நின்றது. நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "இருக்கேன். மாத்திரையும் போட்டாச்சு. நீங்க போயி ஒங்க சோலியப் பாருங்க."

நான் போகவில்லை. கதவிடுக்கில் ஆவி வந்துகொண்டிருந்தது.