புது டிஸ்க் பூட்டிய அன்று

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, திருகோணமலை நகரத்தில் மாடிவீடு கட்டியவன் நான். கம்பியூட்டர் எனக்கு எம்மாத்திரம்? போனில் பார்த்துப் பார்த்து, பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் புது எஸ்.எஸ்.டி.யை நானே பூட்டினேன். அயலவர்களையும் கூப்பிட்டு, “கண் மூடித் திறக்கமுன் வேலை செய்யும், பாருங்கோ” என்றேன். திரையில் ஒரு வரி ஆங்கிலம்தான் வந்தது.

மகள் மெல்ல வாசித்தாள். “அப்பா, டிஸ்க் வெறுமையாம். பழையதில இருந்ததை இதுக்கு மாத்தேல்லையோ?”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அந்தச் சத்தம் என்னை நான் பிறந்த ஊரான சல்லியின் கடற்கரையில் கொண்டுபோய் விட்டது. நான் சிறுவனாக இருந்தபோது என் அப்பா வள்ளத்துக்குப் புது இயந்திரம் பூட்டிய நாள். செவ்வரத்தம்பூ மாலை, கற்பூர வாசம், சுற்றிவர ஊர்ச்சனம்.

“இனி என்னை ஒருத்தரும் பிடிக்க ஏலாது!” என்று அப்பா கயிற்றை இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார்.

“சம்மாட்டியார், எண்ணெய் ஊத்தினீங்களோ?” என்று ஒருவர் கேட்டதும் கரையே சிரித்தது. அப்பாவின் கண் என்னைத் தேடியது. நான் முகம் எரிய, கடலையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்து ஒருத்தரும் இப்படிச் சிரிக்கக் கூடாதென்றுதான் இவ்வளவும் உழைத்தேன்.

“பரவாயில்லை முதலாளி” என்றபடி அயலவர்கள் போனார்கள். நான் நிமிர்ந்து மகளைத் தேடினேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.