மாப்பிள்ளை கட்டிய பேய்வீடு

1967 ஜூன் 4. பேய்ப்படம், முன்வரிசை டிக்கெட் இரண்டு: 1.30
1974 ஜனவரி 19. வாடகை நூலகத் திகில் நாவலில் மெழுகு கொட்டியதற்கு அபராதம்: 3.00
1988 ஆகஸ்ட் 7. பழைய புத்தகக் கடையில் விளையாட்டு விதிப்புத்தகம், கூடவே பகடை ஒன்று: 22.00
1998 ஜனவரி 31. கட்டத்தாள் ஒரு கட்டு: 14.50

இந்த நான்கு செலவும் என் தங்கையின் கணவரோடு சேர்ந்து செய்தவை. நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். வேலைக்காலம் முழுவதும் மழைமானியைப் பார்த்து மழையளவு எழுதியவன் நான். அவர் பல்செட் செய்பவர். கல்யாணம் எங்களை உறவாக்கியது, நண்பர்களாக்கியது பேய்தான்.

முதல் படத்துக்குத் தங்கை வர மறுத்ததால் நான் துணைக்குப் போனேன். திரையில் பேய் வாயைத் திறந்ததும் கொட்டகையே அலறியது. மாப்பிள்ளை என் காதருகே குனிந்தார்.

“மேல்வரிசை சரியா உக்காரல மச்சான். கடிச்சா கடிச்ச இடத்துலயே கழண்டு நின்னுடும்.”

நான் சிரித்துத் தொலைத்தேன். பக்கத்து இருக்கைக்காரர், “பயப்படக் காசு குடுத்து வந்திருக்கோம்யா, சிரிக்கிறவங்க வெளிய போய்ச் சிரிங்க” என்று சீறினார்.

நாவல்களை அவர் பட்டறையிலேயே படித்தார். அச்சில் ஊற்றிய பிளாஸ்டர் மாவு இறுகும்வரை ஒரு அத்தியாயம். வரிசையாகச் சிரிக்கும் பற்களுக்கு நடுவில் அவர் முகம் மட்டும் இறுகிப்போயிருக்கும். நூலகக்காரர் வெள்ளைக் கட்டைவிரல் ரேகையைப் பார்த்தே, “இது பல்லுக்காரர் படிச்சது” என்பார்.

அந்த விதிப்புத்தகத்தைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, கதைக்குள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கதைசொல்லி மாப்பிள்ளைதான். ஆட்டக்காரர்கள் நான், தங்கை, பக்கத்து வீட்டு பஸ் கண்டக்டர். அவரை நாங்கள் விசில் என்போம். இருந்த ஒரே பகடைக்கு மாப்பிள்ளை அச்சு எடுத்து, ஈறுக்கு ஊற்றும் ரோஜா நிறப் பிளாஸ்டிக்கில் ஆளுக்கொன்று வார்த்துக் கொடுத்தார்.

“ஐயே, யாரோட ஈறுங்க இது?” என்று தங்கை முதலில் தொடவே மாட்டேன் என்றாள்.

பத்து வருடம் சின்னச் சின்னக் கதைகளாக ஆடினோம். பிறகு அவர் பெரிய கதையைத் தொடங்கினார். ஆளில்லாத ஒரு பழைய வீட்டுக்குள் நாங்கள் மூவரும் மாட்டிக்கொண்டோம். ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேசை, ஜன்னல் திரைகள் இழுத்துவிடப்பட்டிருக்கும். நான் அந்த வீட்டைக் கட்டத்தாளில் அறை அறையாக வரைந்து வந்தேன்.

ஒரு ஞாயிறு அவர், “மாடிப்படிக்கு இடது பக்கம் கதவு” என்றார்.

“வலது பக்கம், மாப்பிள்ளை. போன வாரம் நீங்க சொன்னதுதான். வரைஞ்சு வச்சிருக்கேன்.”

“நல்லாப் பாருங்க மச்சான்.”

“பாத்துட்டேன். வலதுதான்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலை இறக்கினார். “அப்போ கதவு நகந்திருக்கு.”

எனக்குப் பிடரி சில்லிட்டது. விசில் கொட்டாவி விட்டார். தங்கை, “இதுக்கா அண்ணா முகம் வெளுத்துப்போச்சு?” என்று கேலி செய்தாள். அவர்களை அலறவைக்க அவர் பிணத்தையும் ரத்தத்தையும் வைத்திருந்தார். எழுதிய அளவு மாறக்கூடாது என்று வாழ்ந்தவனுக்கு அந்த ஒரு கதவு போதும் என்று கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு நான்கு பேர் இருந்த புகைப்படத்தில் ஐந்தாவது ஆள் வந்தான். நின்ற கடிகாரம் வேறு சுவரில் ஓடியது. கண்டுபிடிப்பது என் வேலை. நான் சொன்னதும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

2009இல் ஒரு ஞாயிறு, கதை வீட்டின் சமையலறை ஜன்னல் வழியாக யாரோ எட்டிப் பார்ப்பதாகச் சொன்னார்.

“மாட்டிக்கிட்டீங்க மாப்பிள்ளை! அந்த ஜன்னலச் செங்கல் வச்சு அடைச்சு ரெண்டு வருஷமாச்சு!”

சிரிப்பு வரவில்லை. என் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். “அப்படியா சொன்னேன்?” என்றார்.

அந்த மாதம் பட்டறையில் ஒருவர் பல்லை இன்னொருவர் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்ததைத் தங்கை அப்போதுதான் சொன்னாள். மருத்துவர், ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்றார்.

மாப்பிள்ளைக்கு ஒரே கவலைதான் இருந்தது. “முடிவு என் தலைக்குள்ளதான் இருக்கு மச்சான். அது போறதுக்குள்ள உங்க மூணு பேரையும் அந்த வீட்டுல இருந்து வெளிய கொண்டு வந்துடணும்.”

“இப்பவே சொல்லிடுங்களேன்” என்றாள் தங்கை.

“சொன்னா அது வெறும் கதை. நீங்களா நடந்து வரணும்.”

அடுத்த ஆண்டு அவர்கள் மகள் இருவரையும் தன் ஊருக்கு அழைத்துப் போனாள். ஆட்டம் தபாலில் தொடர்ந்தது. அவர் நடப்பதை எழுதுவார். நானும் விசிலும் பகடை உருட்டிப் பதில் போடுவோம். தங்கை அங்கேயே அவர் எதிரில் உட்கார்ந்து ஆடினாள். கடிதத்துக்குக் கடிதம் அறைகள் இடம் மாறின. கிணறு மாடிக்கு ஏறியது. நான் ஒன்றையும் சுட்டிக்காட்டவில்லை. ஒவ்வொரு முறையும் புதுத்தாள் எடுத்து, அவர் சொன்னபடியே வீட்டை வரைந்தேன்.

“என்னண்ணே, போன தடவ பின்வாசல் இங்கதான இருந்துச்சு?” என்றார் விசில்.

“இப்போ அங்க இருக்கு.”

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “சரி, அப்போ நான் அங்கயே போய் நிக்கிறேன். எழுதுங்க.”

கடிதங்கள் சுருங்கின. பிறகு தங்கை கையெழுத்தில் வந்தன. பிறகு நான்கு மாதம் ஒன்றுமில்லை. வீட்டுக்குள்ளேயே விடப்பட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். அதைவிட, இவர்களை அங்கேயே விட்டுவிட்டோமே என்று அவர் எந்த நிமிஷமாவது நினைத்து வருந்துவாரோ என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

கடைசியாக வந்தது அவர் கையெழுத்து. வரிகள் சரிந்து ஓடின.

“பகடை வேண்டாம். கதவு திறந்திருக்கிறது. முதலில் கண்டக்டர். அடுத்து இவள். மச்சான் கடைசி, அவர் திரும்பிப் பார்த்து எழுதிக்கொண்டு நிற்பார், இழுத்துக்கொண்டு போங்கள். வெளியே வெயில். உள்ளே யாரும் இல்லை. பூட்டிவிட்டேன்.”

கடிதம் வந்த நாள்: 2011 நவம்பர் 14, திங்கட்கிழமை.